இரண்டாவது மடக்கு

அவன் ஒரு மடக்குதான் போட்டிருந்தான். ஹெட்ஃபோனில் இரண்டு கேட்டது.

திரையில் எரிவாயு நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி, மடிப்புக் கலையாத நீலச் சட்டையும் மடிப்பே விழாத முகமுமாக, ஒரு கண்ணாடி டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறார். "எங்க கேஸ் கிணத்துலேர்ந்து நூறடி தூரத்துல பிடிச்ச தண்ணிங்க இது. நானே குடிக்கிறேன், பாருங்க" என்கிறார். குடிக்கிறார். மடக். டம்ளரை மேசையில் வைக்கிறார். உதட்டை மூடியபடியே புன்னகைக்கிறார். அந்தப் புன்னகையின் மேல், ஒன்றரை விநாடி கழித்து, இன்னொரு மடக். முதலாவது தொண்டையில் கேட்டது. இரண்டாவது எங்கோ கீழே, ஈரமாக, சாவகாசமாக, வயிறு நிறையத் தின்றவன் பல்லிடுக்கில் மிச்சம் தேடுவது போலக் கேட்டது.

படங்களுக்கு ஒலி சேர்க்கிறவன். அலுவலகத்தில் எல்லோரும் அவனைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். ஃப்ரிட்ஜ் உறுமுவதை வைத்து அது எத்தனை வருடப் பழசு என்று சொல்லக்கூடியவன். அப்படிப்பட்டவனுக்குத் தான் போடாத ஒரு மடக்கு, நாளைக் காலை முதல் காட்சிக்குப் போகப்போகும் ஆவணப்படத்தில் உட்கார்ந்திருப்பது, சாப்பாட்டில் அடுத்தவர் தலைமுடி கிடப்பது போல இருந்தது.

உண்மையில் முதல் மடக்கும் அதிகாரியுடையது இல்லை. மூன்று வாரம் முன்பு இந்தக் காட்சி கைக்கு வந்தபோது அதில் விழுங்கும் ஓசையே இல்லை. காலர் மைக் தொண்டைக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. கைக்கடிகாரம் துடிப்பது பதிவாகியிருந்தது. அவர் வயிறு உருண்டு புரளுவது பதிவாகியிருந்தது. மடக்கு மட்டும் இல்லை. வேறு எவனாவது பார்த்திருந்தால் அந்த மனிதர் விழுங்கினாரா என்று கேட்டிருப்பான். ஒலிக்காரனுக்கு அது தோன்றாது. படத்தில் குடிக்கிறார், ஓசை விடுபட்டுவிட்டது, வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் புத்தி ஓடியது.

அன்று சாயங்காலம் வீட்டுச் சமையலறையில் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு குழாய்த் தண்ணீரைத் தானே குடித்தான். பதினோரு டம்ளர். முதல் ஆறில் தாகம் தெரிந்தது. அதிகாரிகள் அப்படிக் குடிக்க மாட்டார்கள். ஏழிலிருந்து பத்து வரை பயம் தெரிந்தது. பதினோராவதில்தான் சரியான திமிர் வந்தது. மனைவி அடுப்பருகில் நின்று, "குடிக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களா? நல்ல வேலைங்க" என்றாள்.

பிறகு, எந்த அறையில் பதிவு செய்தாலும் கடைசியில் செய்வதைச் செய்தான். எல்லோரும் அசையாமல் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த அறையின் மௌனத்தைத் தனியாகப் பிடித்து வைக்க வேண்டும். ஒரு அறையின் மௌனம் போல இன்னொன்று இருக்காது. பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் இந்த மௌனத்தைத்தான் சுவர் விரிசலை மறைக்கும் பட்டி போலப் பூசுவார்கள். மனைவி அடுப்புக்கு இந்தப் பக்கம், ஏழு வயதுப் பாப்பா பாத்திரம் கழுவும் தொட்டியருகே முக்காலியின் மேல், நடுவில் மைக்கோடு அவன். அறுபது விநாடி. "கட்" என்றதும் பாப்பா வெடித்துச் சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் அதே தொல்லை: "அப்பா, நிமிஷம் விளையாடலாமா?"

அந்த மௌனம் அபாரமாக வந்திருந்தது. படத்துக்காகப் பேட்டி எடுத்த வீடுகளின் மௌனங்களில் ஏதோ ஏப்பம், ஏதோ களகளப்பு. அதையெல்லாம் சுரண்டி எடுத்துக் 'குப்பை' என்ற தனி டிராக்கில் போட்டுவிட்டு, பன்னிரண்டு வீட்டுக்கும் தன் சமையலறையின் முதல் பதினைந்து விநாடியைத்தான் திரும்பத் திரும்பப் பூசியிருந்தான். நேற்று டைரக்டர் அக்கா அந்தப் புன்னகையைக் கொஞ்சம் நீட்டச் சொன்னார். நீட்டியதற்கு மௌனம் பற்றவில்லை. அதே பதிவிலிருந்து இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டிருந்தான்.

மூலப் பதிவைத் திறந்து கேட்டான். இருபத்து மூன்றாவது விநாடி. மடக்.

பாப்பாவாக இருக்கும், எச்சில் விழுங்கியிருப்பாள் என்று முதலில் நினைத்தான். ஆனால் ஏழு வயதுத் தொண்டைக்கு அவ்வளவு அகலம் கிடையாது. தொட்டியின் கழிவுக்குழாயோ? அதிலும் ஒன்று உதைத்தது. அந்தச் சமையலறையில் எந்த ஓசைக்கும் சுவர்களிலிருந்து லேசான எதிரொலி வரும். இந்த மடக்கில் எதிரொலியே இல்லை. அது ஏன் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார், அடுத்த அறையில் படத்துக்கு நிறம் சரிசெய்யும் அண்ணன். வந்த வேகத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யோவ் காது, எதுய்யா செத்துக் கிடக்கு இங்க?"

"முட்டைண்ணே. காலையில அவிச்சது."

"இது முட்டை இல்லய்யா. முட்டையோட முப்பாட்டன்." அவர் சாப்பாட்டு டப்பாவை முகர்ந்தார், வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தவர், அறை வாங்கியதுபோல் தலையைப் பின்னால் இழுத்தார். "அடப்பாவி. இதையா குடிக்கிற?"

"வீட்டுத் தண்ணிதாண்ணே." வாங்கி முகர்ந்து பார்த்தான். ஒன்றுமே இல்லை. "நல்லாத்தானே இருக்கு? மூணு நாளா படத்துல அந்தக் குட்டைச் சேத்தையே பாத்துட்டிருக்கீங்க. மூக்கு கெட்டுப் போச்சு உங்களுக்கு."

"சேறா? அதுக்குக் கலரைக் குறைக்கச் சொல்றாங்கய்யா அக்கா. நிஜத்துல இருக்கிற கலர்ல விட்டா ஜனங்க நம்ப மாட்டாங்களாம்." அவன் ஒரு வாய் குடிப்பதைப் பார்த்ததும் அவருக்குக் குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கதவு மூடியது. ஜன்னலில்லாத அறை. வெளியே பகல் மூன்று மணி என்பதைக் கணினியின் மூலையில் இருந்த எண்கள் சொன்னால்தான் உண்டு. சுவர்களில் ஒட்டியிருந்த சாம்பல் பஞ்சு அவன் மூச்சுவிடும் ஓசையைக்கூட உறிஞ்சிக்கொண்டது.

மற்ற வீடுகளைத் திறந்தான். பார்க்க வேண்டாம், கேட்டால் போதும் என்றுதான் நினைத்தான், ஆனால் படமும் கூடவே ஓடியது. கோழிப்பண்ணைக்காரரின் தண்ணீர்த் தொட்டி. ஆறிய பாலில் ஆடை கட்டுவதுபோல் மேலே ஒரு தோல், வானவில் பூசிய தோல். கோழி அதைக் கிழித்துக் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கினால் அலகிலிருந்து பழுப்பாக ஒரு நூல் தொங்கிக்கொண்டே வருகிறது, அறுவதில்லை, கோழியும் அதைக் கண்டுகொள்வதில்லை. துளையிடும்போது பூமி கக்குவதைத் தேக்கிவைக்கும் குட்டை; கரையில் சோப்பு நுரைபோலக் குவிந்து நடுங்கும் கொழகொழப்பு; அதற்குள் நாக்குபோல உப்பிய ஒரு தவளை. மூன்று வாரம் இதைப் பார்த்துக்கொண்டே முட்டை தின்றிருக்கிறான்.

பிறகு தையல்காரம்மா. குழாயடியில் தீக்குச்சியைக் காட்டியதும் தண்ணீர் எரிந்ததே, அவர். தையல் மெஷினில் கையை ஊன்றியபடி சாதாரணமாகப் பேசுகிறார்.

"மொதல்ல நாத்தம் வந்துச்சுங்க. அழுகின முட்டை மாதிரி. ஒரு மாசம் கழிச்சு நாத்தம் போயிருச்சு. அப்பாடா, தண்ணி சரியாயிருச்சுன்னு இருந்தேன். விருந்தாளி வந்து வாசல்லயே வாந்தி எடுத்தப்போதான் தெரிஞ்சுது. நாத்தம் போகலைங்க. என் மூக்குதான் போயிருந்துச்சு."

பாட்டில் அவன் முழங்கையை ஒட்டி இருந்தது.

இரண்டு மாதம் முன்பு அவன் வீட்டுக் குழாயிலும் நாற்றம் வந்தது. புதிதாகக் குடிவந்த வீடு, ஊரின் விளிம்பு. குழாய் பழசாக இருக்கும் என்றார்கள். குடிநீர் அலுவலகத்துக்குப் புகார் எழுதினான். ஒரு மாதத்தில், "என்னங்க, நாத்தமே இல்ல இப்போ" என்றாள் மனைவி. அவனுக்கும் தெரியவில்லை. அலுவலகத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினான். அந்த அலுவலகம் தன் வாழ்நாளில் வாங்கிய முதல் நன்றிக் கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

தையல்காரம்மாவின் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "நானும் பையனும் கேன் தண்ணிக்கு மாறிட்டோம். வீட்டுக்காரர் கேக்கல. இதேதான் வேணும்பாரு. இப்போ பேச்சே இல்லைங்க. சும்மா நிக்கிறாரு."

அவருக்குப் பின்னால், சமையலறை வாசலில், அந்தக் கணவர் தெரிந்தார். தொட்டியருகே நின்றிருந்தார். காது அவரை முன்பே கவனித்திருக்கிறான். படத்திலேயே ஒழுங்கான புருஷன் என்று அண்ணனிடம் கிண்டல்கூட அடித்திருக்கிறான். மௌனம் பிடிக்கும்போது எவனாவது இருமுவான், எவனாவது கால் மாற்றுவான். இவர் ஒருவர்தான் சிலைபோல நின்றார். அந்த மௌனப் பதிவை இப்போது படத்தோடு ஓட்டினான். அறுபது விநாடி முடிகிறது. "கட்" என்கிறார் அக்கா. தையல்காரம்மா மூச்சு விடுகிறார். பையன் சொறிந்துகொள்கிறான். கேமராக்காரன் கேமராவை அணைக்க மறந்துவிட்டிருந்தான். எல்லோரும் நகர்கிறார்கள், ஒயர் சுருட்டுகிறார்கள்.

கணவர் நகரவில்லை.

வாய் லேசாகத் திறந்திருந்தது. நான்கு நிமிடம் ஓடவிட்டான். கணவரின் கீழுதட்டிலிருந்து ஏதோ ஒன்று பழுப்பாக வழிந்து, பாதி வழியில் நின்று, மேலே திரும்பிப் போனது.

மடக்.

ஹெட்ஃபோனைக் கழற்றினான். பாட்டிலைத் தொடவில்லை.

குப்பை டிராக்கைக் கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் கை பழக்கப்பட்ட கை. பன்னிரண்டு வீட்டிலிருந்தும் அவன் சுரண்டி எறிந்தவை வரிசையாக வந்தன. ஏப்பங்கள், களகளப்புகள், சளி புரளும் ஓசைகள், ஒன்றன் வாலை ஒன்று நக்கிக்கொண்டு. வெவ்வேறு ஊர், வெவ்வேறு வீடு, ஒரே தொண்டை. எந்தெந்த இடத்திலிருந்து வெட்டினான் என்று குறித்து வைத்திருந்தான். அதைப் பார்த்தான். எல்லாம் ஒரே மாதிரி இடம். ஆட்கள் பேசும்போது எதுவும் இல்லை. எல்லோரும் வாயை மூடியதும்தான் அது வாயைத் திறந்திருக்கிறது.

அதிகாரியின் காலர் மைக் ஞாபகம் வந்தது. பேட்டி முடிந்ததும் அவர் எதுவும் பேசாமல் கையசைத்துவிட்டு எழுந்துபோனார். மைக்கைக் கழற்ற மறந்துபோனார். வாலில் மிஞ்சியிருந்த பதிவை ஓட்டினான். செருப்பு ஓசை. கதவு. கழிப்பறையின் எதிரொலி. பிறகு ஒரு நீண்ட துப்பல். துப்பி, காறி, மறுபடி துப்பி, விரலை விட்டு ஓங்கரித்து, மறுபடி.

"ஒரு சொட்டுகூட உள்ள போகலையே சார்?" உதவியாளர் குரல்.

"போகலய்யா. டம்ளரைக் கழுவாத. தூக்கிப் போட்டுரு."

அந்த மனிதர் விழுங்கவே இல்லை. படத்தில் அதை உலகத்துக்குக் காட்டியிருக்க வேண்டிய ஒரே சாட்சி, அங்கே இல்லாத அந்த ஓசைதான். அதைக் காது தன் தொண்டையால் அடைத்துவிட்டிருந்தான்.

டைரக்டர் அக்காவுக்குப் போன் செய்தான்.

"என்ன காது, முடிஞ்சுதா?"

"அக்கா, படத்துல வர்ற கிணத்து வரைபடம். சிவப்புக் கோடு போகுமே. அது எதுவரைக்கும் போகுது?"

"இப்போ கேக்கிற? மூணு வாரமா அதுக்குச் சொய்ங்னு சவுண்டு போட்டியே." சிரித்தார். "கிணறுன்னா நேரா கீழ மட்டும் போகும்னு நினைச்சியா? ரெண்டு கிலோமீட்டர் கீழ போயிட்டு அப்புறம் படுத்துக்கும். படுத்தவாக்குல ஊருக்கு அடியில எத்தனை தூரம் வேணும்னாலும் போகும். புதுசா தோண்டினது பஸ் டிப்போ வரைக்கும். ஏன், உன் வீடு அந்தப் பக்கம்தானே?"

அவன் கண் பாட்டிலுக்குப் போனது.

"காது? இருக்கியா?"

துண்டித்துவிட்டு மனைவிக்குப் போட்டான். ஐந்து முறை மணி அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"சொல்லுங்க."

"தண்ணி குடிக்காதீங்க. ரெண்டு பேரும். காரணம் அப்புறம் சொல்றேன். கடையில போயி கேன் வாங்கு. பாப்பா எங்க?"

"இங்கதான். தண்ணி குடிக்கிறா."

"வாங்கி வை அதை!"

"ஏன் கத்தறீங்க? நல்லாத்தான் இருக்கு." அவள் குரலில் கோபமில்லை. தினம் இந்நேரம் வரவேண்டிய எரிச்சல்கூட இல்லை. "நிமிஷம் விளையாடிட்டிருக்கோம். நீங்களும் வாங்க."

"ஏம்மா, நான் சொல்றதைக் கேளு..."

அவள் பேசவில்லை. அவனும் நிறுத்தினான். இரண்டு பேருக்கும் நடுவே மௌனம் விழுந்தது.

மடக்.

படியில் இறங்கியது ஞாபகமில்லை. வண்டியைக் கிளப்பியது ஞாபகமில்லை. சாலையில் வெயில் சாய்ந்திருந்தது, ஆட்கள் பை தூக்கிக்கொண்டு நடந்தார்கள், பேருந்துகள் உறுமின. உலகம் இரைச்சலாக இருந்தது, அது அவனுக்கு ஆறுதலாக இருந்தது. சிக்னலில் நின்றான். எல்லா வண்டிகளும் எஞ்சினை அணைத்தன. ஒரு கணம் சாலை அடங்கியது. சாக்கடை மூடிக்குக் கீழே ஏதோ உதட்டைப் பிரித்தது. அவன் சிவப்பிலேயே பாய்ந்தான். பின்னால் யாரோ அவன் அம்மாவை இழுத்துத் திட்டினார்கள். இன்னும் சத்தமாகத் திட்டக்கூடாதா என்றிருந்தது.

பஸ் டிப்போ. திருப்பம். வீடு.

மாடிப்படியில், கேன் தண்ணீர் மட்டுமே குடிக்கும் எதிர்வீட்டுக்காரர் மகனோடு இறங்கி வந்தார். இருவரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். "உங்க வீட்லதாங்க. காலையிலேர்ந்து. என்னன்னு பாருங்க, தாங்க முடியல."

அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தான். சுத்தமான காற்று.

கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் பாப்பாவின் ஒரு செருப்பு. தரை ஈரம். ஈரம் காலில் ஒட்டியது; தூக்கும்போது நூல்விட்டது.

"பாப்பா?"

சமையலறையில் விளக்குப் போடவில்லை. ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் மஞ்சளாக, தூசியோடு. மனைவி அடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். பாப்பா முக்காலியின் மேல். மூன்று வாரம் முன்பு நின்ற அதே இடங்கள். மனைவியின் கையில் போன் இன்னும் காதோடு ஒட்டியிருந்தது.

குழாய் ஒரு நூலாகத் திறந்திருந்தது. தண்ணீர் தொட்டியில் விழும் ஓசை இல்லை. விழவில்லை. நூல் வளைந்து போனது. பழுப்பாக, கனமாக, எச்சில்போல அறாமல், காற்றில் வளைந்து, பாப்பாவின் திறந்த வாய்க்குள் போனது. தண்ணீர் அப்படிப் போகாது. கீழுதட்டில் ஒரு தோல் கட்டியிருந்தது. வானவில் நிறம்.

அவன் குழாயை மூடினான். மூடியது. நூல் நிற்கவில்லை.

பாப்பாவின் தோளைப் பிடித்தான். சில்லென்றிருந்தது. உள்ளே ஏதோ மெல்லப் புரண்டு இடம் மாறியது. தூக்கும்போது தண்ணீர்ப் பை குலுங்குவது போல. கையை எடுத்துவிட்டான். எடுத்ததற்காக அழுகை வந்தது.

"போதும்டா செல்லம். நிமிஷம் முடிஞ்சுபோச்சு. அப்பா வந்துட்டேன் பாரு."

கண்கள் அவனைப் பார்த்தன. இருவருடையதும். இமைக்கவில்லை. ஆட்டத்தின் விதியை நன்றாகக் கடைப்பிடிக்கும் கண்கள்.

விதி. அவர்கள் விதிக்காகக் காத்திருக்கிறார்கள்.

"கட்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.

"கட். கட்டுன்னு சொல்றேன்ல!"

குரல் சுவர்களில் பட்டு லேசாகத் திரும்பி வந்தது. பிறகு அடங்கியது. ஃப்ரிட்ஜும் நின்றது. அறையில் அவன் மூன்று வாரமாக எல்லோர் வீட்டிலும் பூசிய அந்த மௌனம் இறங்கியது. அபாரமான மௌனம். எண்ணத் தொடங்கிவிட்டான். பழக்கம்.

இருபத்தொன்று. மனைவியின் தொண்டை. மடக். சுவரில் பட்டுத் திரும்பியது.

இருபத்திரண்டு. பாப்பா. மடக். அதுவும் திரும்பியது.

இருபத்து மூன்று.

மடக்.

மிக அருகில், அவனுக்குள்ளேயே. இதில் எதிரொலி இல்லை.

அவன் விழுங்கவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. அக்காவாக இருக்கும். எடுக்கக் கை போகவில்லை. குனிந்து பார்த்தான். அடுப்புக்கும் முக்காலிக்கும் நடுவே, அன்று மைக்கோடு நின்ற இடத்தில் அவன் கால்கள் இருந்தன. வந்து நின்றது எப்போது என்று தெரியவில்லை. குழாயின் நூல் பாப்பாவின் உதட்டிலிருந்து மெல்லப் பிரிந்து, இரண்டாகக் கிளைத்து, ஒரு முனை அவன் பக்கமாகத் திரும்பி மோப்பம் பிடித்தது.

கட் என்று சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தான்.

வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.